தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய நாடு

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)



நான் டென்மார்க்கிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் நீங்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டுதாம். “பனியைத் தின்று பார்த்தாயா?” என்பது ஒன்று. “அங்கே சோறு கிடைக்குமா?” என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை எளிது. தின்று பார்த்தேன், ருசி இல்லை. இரண்டாவது கேள்விக்குரிய விடை சற்று நீளமானது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் தந்தையார் கேளம்பாக்கம் பக்கத்தில் டென்மார்க் நாட்டு நிறுவனம் ஒன்றில் பொறியாளர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவரை ஓராண்டுப் பணிக்காகத் தலைநகரான கோபன்ஹேகனுக்கு அனுப்பினார்கள். அம்மா, நான், தம்பி மூவரும் உடன் சென்றோம். பாட்டி செங்கற்பட்டிலேயே பெரியப்பா வீட்டில் தங்கிவிட்டார். “எங்க போனாலும் ஞாயித்துக்கிழமை பூசையை மட்டும் விட்டுடாதே கண்ணு” என்று சொல்லி என் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார். அப்போது எனக்கு வயது பதின்மூன்று. அழக்கூடாது என்று உறுதி செய்திருந்தேன். விமானம் ஏறும் வரையில்தான் அந்த உறுதி நிலைத்தது.

டென்மார்க் மிகச் சிறிய நாடு. அதன் மொத்த மக்கள்தொகை 60 லட்சத்தை ஒட்டியதுதான். நம் சென்னைப் பெருநகரின் மக்கள்தொகையைவிடக் குறைவு. ஆனால் அவர்களுடைய மொழியைக் கற்பதோ பெரும்பாடு! எழுதுவதில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் உச்சரிக்கிறார்கள். ‘தயவுசெய்து’ என்பதற்கு நேரான தனிச்சொல் அம்மொழியில் இல்லை. அதைக் கேட்டு, மரியாதை தெரியாத மக்கள் போலும் என்று நான் அவசரப்பட்டு எண்ணிவிட்டேன். ஆனால் ‘டாக்’, அதாவது ‘நன்றி’ என்ற சொல்லை அவர்கள் எங்கும் எதற்கும் சொல்லுகிறார்கள். சாப்பிட்டு எழுந்தால் சமைத்தவருக்கு ‘உணவுக்கு நன்றி’ என்கிறார்கள். ஒரு முறை சந்தித்தவரை மறுமுறை பார்த்தால் ‘போன தடவைக்கு நன்றி’ என்கிறார்கள். நம் வீடுகளில் அம்மாவுக்கு யாராவது ‘சாப்பாட்டுக்கு நன்றி’ என்று சொல்லியிருக்கிறோமா? என் தம்பி இன்றும் அதை டேனிஷ் மொழியில்தான் சொல்லுகிறான். தமிழில் சொல்ல வெட்கமாக இருக்கிறதாம்.

பள்ளியில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வகுப்பு. உக்ரைன், சிரியா, பிரேசில் எனப் பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே இருந்தோம். ஆசிரியையை எல்லாரும் பெயர் சொல்லி அழைத்தார்கள்! முதல் ஒரு மாதம் நான் அவரை எப்படியும் அழைக்காமல், அவர் என்னைப் பார்க்கும் வரை கையை உயர்த்திக்கொண்டே காத்திருந்தேன். (நம் அருட்சகோதரியர் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.) நம்மைப் போலவே அவர்களும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்த ஒரு செய்தி.

ஆனால் அந்த வீடுகளுக்குள் எங்களை யாரும் அழைக்கவில்லை. நாங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் இருந்தோம். படிக்கட்டில் எதிர்ப்படுவோர் தலையை அசைப்பார்கள், அவ்வளவுதான். அக்டோபர் கழிந்ததும் பகல் சுருங்கத் தொடங்கியது. டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே சூரியன் காலை எட்டரை மணிக்கு மேல் எழுந்து, மாலை மூன்றே முக்காலுக்கு முன்பே மறைந்துவிடும். பள்ளிக்குப் போகும்போதும் இருட்டு, வீடு திரும்பும்போதும் இருட்டு. அம்மா பகலெல்லாம் தனியாக வீட்டில் இருந்தார். செங்கற்பட்டில் கீரைக்காரம்மா முதல் பக்கத்து வீட்டு அத்தை வரை நாளொன்றுக்குப் பத்துப் பேரிடம் பேசிப் பழகியவர் என் அம்மா. நவம்பரில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. அப்பாவுக்கு அது கவலையைத் தந்தது. பாதியிலேயே எங்களைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று அவர் யோசித்ததை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

அப்பாவின் பிறந்தநாளுக்கு அம்மா அதிரசமும் அச்சு முறுக்கும் செய்தார். கீழ்த்தளத்தில் தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு ஒரு தட்டு நிறைய என்னிடம் கொடுத்தனுப்பினார். அவர் வியப்போடு வாங்கிக்கொண்டார். மறுநாள் தட்டு எங்கள் வாசலில் இருந்தது. பளபளவென்று கழுவி, துடைத்து, ஆனால் வெறுந்தட்டாக. பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பலாமா? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பதல்லவா நம் வழக்கம்? அம்மா அந்தத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் யாருக்கும் எதுவும் கொடுத்தனுப்பவுமில்லை.

இந்த நிலையில்தான் டிசம்பர் மாதம் வந்தது. இருளோடு வாழும் மக்கள் விளக்கை எப்படிப் போற்றுகிறார்கள் என்பதை அப்போதுதான் கண்டேன். ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் மெழுகுவத்தி. ஒன்று முதல் இருபத்து நான்கு வரை எண்கள் பொறித்த ஒரு நீள மெழுகுவத்தி இருக்கிறது. டிசம்பர் முதல் நாளிலிருந்து தினமும் ஓர் எண் அளவுக்கு மட்டும் எரித்து அணைப்பார்கள். வெளியே காற்றும் மழையும் அடிக்க, உள்ளே விளக்கேற்றி, வேண்டியவர்களோடு உட்கார்ந்து சூடாக ஏதேனும் அருந்தும் அந்த இதமான நிலைக்கு ‘ஹூகெ’ என்று பெயர். நல்ல வெயிலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் விளங்காது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 13ஆம் நாள் புனித லூசியாள் திருநாள். பள்ளி மண்டபத்தில் எல்லா மின்விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். இருட்டில் மெல்லிய பாட்டொலி கேட்டது. வெள்ளை அங்கி அணிந்த மாணவியர் கையில் மெழுகுவத்தியுடன் வரிசையாக வர, முன்னே வந்தவளின் தலையில் எரியும் விளக்குகளால் ஆன கிரீடம்! எனக்கு மெய்சிலிர்த்தது. ஸ்வீடன் நாட்டு வழக்கமான இது 1944ஆம் ஆண்டு, ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அங்கே வேரூன்றியதாம். ஊர்வலம் முடிந்தபின் ஆசிரியை, “லூசியாள் யார் என்று யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. 1536ஆம் ஆண்டிலேயே அந்நாடு லூத்தரன் சபைக்கு மாறிவிட்டபடியால் புனிதர்களின் வரலாறு அங்கே பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. நான் எழுந்து, அவர் சிசிலித் தீவின் சிரக்கூசா நகரில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியாக உயிர் கொடுத்தவர் என்றும், கண்நோயாளருக்குப் பாதுகாவலர் என்றும், பாதி டேனிஷிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லி முடித்தேன். மறைக்கல்வி வகுப்பில் நான் தூங்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் என்பது 25ஆம் நாள் அன்று. 24ஆம் நாள் மாலைதான். அன்று கடைகள் அடைபட்டு, தெருக்கள் வெறிச்சோடிவிடும். குடும்பத்தார் மட்டுமே கூடுவார்கள். வெளியாரை அழைப்பது அரிது. நாங்கள் பிரெடகாட தெருவில் உள்ள புனித அன்ஸ்கார் பேராலயத்தில் பூசை கண்டுவிட்டு, வீட்டில் நாங்களே கேக் வெட்டிக்கொள்வதாக இருந்தோம். (அந்நாட்டில் கத்தோலிக்கர் மிகச் சிலர். 1849ஆம் ஆண்டின் அரசியல் சட்டம்தான் எல்லாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் தந்தது.) அன்று காலை கீழ்வீட்டு மூதாட்டி கதவைத் தட்டினார். ஆண்டுதோறும் வரும் தம் மகன் குடும்பம் அவ்வாண்டு வர இயலவில்லை என்றும், தனியாக மரத்தைச் சுற்றி ஆட முடியாது என்றும், நாங்கள் நால்வரும் வர வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

மரத்தைச் சுற்றி ஆடுவதா என்று கேட்பீர்கள். ஆம்! அறையின் நடுவில் ஒரு தேவதாரு மரம். அதன் கிளைகளில் மின்விளக்கு அல்ல, உண்மையான மெழுகுவத்திகள் எரிந்தன. ஆபத்துக்கு உதவ அருகில் ஒரு வாளி நீர். மரத்தில் சிவப்பும் வெள்ளையுமான சிறு காகிதக் கொடிகளின் சரம் தொங்கியது. அது அவர்களுடைய தேசியக் கொடி. 1219ஆம் ஆண்டு ஒரு போரின் நடுவே வானத்திலிருந்து விழுந்த கொடி என்பது கதை. பிறந்தநாள் மேசையிலும்கூட இக்கொடியை வைப்பார்கள். இரு வண்ணக் காகிதத்தைப் பாய் முடைவது போல் முடைந்து செய்த இதய வடிவக் கூடைகளும் தொங்கின. குழந்தைக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆண்டர்சன் தம் கையால் 1860ஆம் ஆண்டு செய்த ஒரு கூடை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நாங்கள் ஐவரும் கைகோத்து மரத்தைச் சுற்றி வந்தோம். அவர் டேனிஷ் மொழியில் பாட, நாங்கள் தமிழில் பாடினோம். இரண்டும் சேரவில்லை. யாரும் அதைப் பொருட்படுத்தவுமில்லை.

வாத்து வறுவலும், சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கும், செங்கோசும் உண்டபின் வந்தது ‘ரிசலமாங்’. தோழியரே, அதுதான் உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை. அது சோறு! அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, ஆறவைத்து, அடித்த பாலேட்டையும் நறுக்கிய வாதுமையையும் கலந்து, மேலே செர்ரிப் பழச்சாறு ஊற்றித் தருகிறார்கள். நம் பாயசத்தைக் குளிரவைத்தது போல் இருக்கும். அதில் ஒரே ஒரு முழு வாதுமைப் பருப்பு ஒளித்திருக்கும். யார் வாயில் அது அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அகப்பட்டவர் உடனே சொல்லக்கூடாது. கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மற்றவர்கள் வயிறு வெடிக்க உண்ணும்வரை ஒன்றும் அறியாதவர் போல் இருக்க வேண்டும். அன்று அது என் அம்மாவுக்குக் கிடைத்தது. மூன்று மாதங்களாகச் சரியாகச் சிரிக்காத என் அம்மா, கன்னம் உப்ப உட்கார்ந்து எங்களையெல்லாம் ஏமாற்றியதை என்னால் மறக்க முடியாது.

அந்தத் துணிவில் நான் வெறுந்தட்டைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப் போனார். உடனே கழுவித் திருப்பித் தருவதுதான் மரியாதை என்று அவர் நினைத்திருக்கிறார். அதில் ஏதேனும் வைத்தால் அன்பாகக் கொடுத்ததற்கு விலை கொடுத்ததுபோல் ஆகுமே என்று தயங்கினாராம். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் அந்தத் தட்டு படிக்கட்டில் ஏறியும் இறங்கியும் ஓய்வறியவில்லை. ஒரு முறையும் அது வெறுமையாக வரவில்லை.

டிசம்பர் 31ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்து அரசியின் புத்தாண்டு உரையைக் கேட்டது. அன்று மூதாட்டி மூச்சிரைக்க எங்கள் மாடிக்கு ஏறி வந்து, அரசியார் முடி துறக்கப் போகிறார் என்று கண்ணீரோடு சொன்னார். 1972 முதல் 52 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் மார்கிரெத அரசியார், சொன்னபடியே 2024 ஜனவரி 14 அன்று தம் மகன் பத்தாம் ஃபிரெடெரிக்குக்கு அரியணையை விட்டுக் கொடுத்தார். அழத்தக்க செய்தியை அவர் முதலில் எங்களிடம் வந்து சொன்னாரே என்று அம்மா பலமுறை சொல்லிக்கொண்டார்.

பிப்ரவரியில் ‘ஃபாஸ்டலௌன்’ திருவிழா. தவக்காலத்துக்கு முந்திய மாலை என்று அதற்குப் பொருள். குழந்தைகள் வேடமணிந்து, தொங்கவிட்ட மரப் பீப்பாயைத் தடியால் மாறி மாறி அடிக்கிறார்கள். பீப்பாய் உடைந்து மிட்டாய் கொட்டுகிறது. நம் உறியடியேதான்! முற்காலத்தில் உள்ளே ஒரு கறுப்புப் பூனையை அடைத்து வைப்பார்களாம். இப்போது பூனையின் படம் மட்டுமே; உடைத்தவருக்குப் ‘பூனை அரசன்’, ‘பூனை அரசி’ என்ற பட்டம். வேடிக்கை என்னவென்றால், விழா உண்டே தவிர, அதன்பின் வரும் நோன்பை அநேகமாக யாரும் இருப்பதில்லை. நான் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனபோது, முகம் கழுவ மறந்துவிட்டாய் என்று ஒரு தோழி துணி நீட்டினாள்.

பாஸ்காவை ஒட்டி அவர்கள் ஒரு விளையாட்டுக் கடிதம் அனுப்புவார்கள். காகிதத்தைப் பூவேலை போல் கத்தரித்து, ஒரு சிறு கவிதை எழுதி, பெயருக்குப் பதிலாக எழுத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள் மட்டும் வைப்பார்கள். யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்காவிட்டால் ஒரு சாக்லேட் முட்டை தர வேண்டும். எனக்கு வந்த கடிதத்தை நான் கண்டுபிடிக்கவில்லை.

‘பெரிய வேண்டுதல் நாள்’ என்று 1686ஆம் ஆண்டு முதல் ஒரு விடுமுறை இருந்தது. பாதுகாப்புச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்கென்று அரசு அதனை 2024 முதல் நீக்கிவிட்டது. மூதாட்டியோ சட்டத்தைப் பொருட்படுத்தாமல், அதற்கு முந்திய மாலை வழக்கமாக உண்ணும் ஏலக்காய் மணக்கும் ரொட்டியை வாட்டி எங்களுக்கும் தந்தார்.

காணத்தக்க இடங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை நிறைவு பெறாது. கடற்கன்னி சிலையைப் பற்றி அனைவரும் கேட்கிறீர்கள். 1913ஆம் ஆண்டு வைத்த அச்சிலையின் உயரம் 1.25 மீட்டரே. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசில் நிற்கும் பெரிய யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கண்ணிலேயே படாது. என்னைக் கவர்ந்தவை அரசர் நான்காம் கிறிஸ்டியான் கட்டியவை. 1642ஆம் ஆண்டு முடிந்த வட்டக் கோபுரத்தில் உச்சிவரை படிகளே இல்லை எனலாம். சுற்றிச் சுற்றிச் சாய்தளத்தில் நடந்தே ஏறுகிறோம். அவர் வணிகருக்கென்று கட்டிய ‘போர்சன்’ மாளிகையின் கோபுரம், நான்கு நாகங்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு வான் நோக்கி நிற்பது போன்றது. 2024 ஏப்ரல் 16 அன்று அது தீப்பற்றியது. எங்கள் வகுப்புச் சன்னலிலிருந்து புகை தெரிந்தது. ஆசிரியை பாடத்தை நிறுத்திவிட்டார். கோபுரம் சரிந்து விழுந்தது. சாலையில் போனவர்கள்கூட உள்ளே ஓடிப் பழைய ஓவியங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அந்த அரசர்தாம் 1616ஆம் ஆண்டு டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி அளித்து, நம் கடற்கரைக்குக் கப்பல் அனுப்பியவர்! தளபதி ஓவே கெட்டே ஒன்றரை ஆண்டு கடலில் அலைந்து முதலில் இலங்கையை அடைந்தார். பின்பு 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழக் காரணமானார். நாயக்கர் டேனிய அரசருக்குத் தமிழில் எழுதி அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இதை நான் வகுப்பில் சொன்னபோது, என் நாடு எங்கே இருக்கிறது என்று தெரியாதிருந்தவர்கள் தரங்கம்பாடியைப் படத்தில் தேடினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜூன் 23, புனித திருமுழுக்கு யோவான் திருநாளுக்கு முந்திய மாலை. இரவு பத்து மணி வரை வெளிச்சம். நீர்க்கரையில் பெரும் தீ மூட்டி, நம் கார்த்திகைச் சொக்கப்பனை போல் எல்லாரும் சுற்றி நின்று பாடுகிறார்கள். தீயின் உச்சியில் கந்தல் துணியில் செய்த ஒரு சூனியக்காரிப் பொம்மை. வேடிக்கைதான்; ஆனால் அந்நாட்டில் ஒரு காலத்தில் பொம்மையை அல்ல, உயிருள்ள பெண்களையே எரித்தார்கள். அதற்கு வலுவூட்டிய சட்டம் 1617ஆம் ஆண்டு வந்தது. பிறப்பித்தவர் அதே நான்காம் கிறிஸ்டியான். கோபுரம் கட்டியவரும் அவரே, இதைச் செய்தவரும் அவரே. அன்று நான் பாடவில்லை. மூதாட்டியும் தமக்குப் பொம்மை பிடிக்காது என்று தீக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தார்.

2024 ஜூலையில் ஊர் திரும்பினோம். காலாண்டு விடுமுறையில் பாட்டியையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி கடந்து தரங்கம்பாடி சென்றோம். 1792ஆம் ஆண்டு கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்ததும், நேராகச் செல்லும் ராஜ வீதி, இருமருங்கும் பழைய வீடுகள், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம், முடிவில் கடல். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் அந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1845ஆம் ஆண்டு பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனியர் போய்விட்டனர். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இவ்வூரில் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது.

கோட்டையின் முன் நின்று அப்பா எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்பவரைப் பற்றிச் சொன்னார். போர்களாலும் பணமுடையாலும் 1639க்குப் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் அனுப்பப்படவில்லை. உடனிருந்தோர் இறந்தும் பிரிந்தும் போக, எளிய குடியில் பிறந்த அவர் கடைசி டேனியராக நின்று கோட்டையைக் காத்தார். 1669ஆம் ஆண்டில்தான் அடுத்த கப்பலின் பாய் கண்ணில் பட்டது.

அம்மா வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பாவம், அந்த மனுஷனை யாராவது ஒரு பண்டிகைக்காவது வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பாங்களா?” என்று கேட்டார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் மாலை எங்கள் வீட்டில் பாயசம் வைத்து, அதில் ஒரு முழு வாதுமையைப் போட்டோம். பாயசம் தீர்ந்தது; பருப்பு யாருக்கும் அகப்படவில்லை. ஒருவர் கன்னத்தை ஒருவர் சோதித்தோம். கடைசியில் பாட்டி, “ஏதோ கெட்டியா ஒண்ணு நழுவி உள்ளே போச்சு கண்ணு, நான் முந்திரின்னு நெனச்சேன்” என்றார். பரிசு அவருக்கே. கீழ்வீட்டு மூதாட்டிக்கு நான் இதை எழுதி அனுப்பினேன்.